கிளாசிக் 350: கழற்றியவையும் திரும்ப மாட்டியவையும்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் எடை, ஆயிலும் 90 சதவீதப் பெட்ரோலும் சேர்த்து 195 கிலோ. இது கம்பெனிக் கணக்கு. ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே கிராஷ் கார்டு, பின்னால் சாய்மானம், பை கட்டும் கேரியர் என்று ஏறிக்கொண்டு என் வண்டி இருநூறைத் தாண்டிவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் குடியிருந்துகொண்டு மணலிக்கு வேலைக்குப் போகும் எனக்கு, ஓட்டும்போது அந்த எடை ஒரு பொருட்டே இல்லை. எஞ்சின் அணைந்த பிறகுதான் அது தெரியும். சந்தில் வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பிறகு, எடையைக் குறைத்தே தீர்வது என்று முடிவு செய்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்துப் போடவில்லை. ஒன்றைக் கழற்றுவது, சில மாதம் ஓட்டுவது, பிறகு அடுத்தது என்று போனேன். எது பயன் தருகிறது, எது தரவில்லை என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.

லாரி எடை மேடையில் ஏற்றிப் பார்க்கலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மணலி, மாதவரம் பக்கம் எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் டன் கணக்கில் நிறுக்கும் அந்த மேடைகள் ஐந்து கிலோ, பத்து கிலோப் படிகளில்தான் எண்ணைக் காட்டும். அதனால் காசிமேட்டு மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு தொங்கு தராசை வாங்கி, கழற்றிய சாமான்களைத் தனித்தனியாக நிறுத்தேன்.

வியாசர்பாடியில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் முதலில் ஒன்று சொன்னார்: "அண்ணே, காசு செலவழிப்பதற்கு முன்னால் டேங்கை நிரப்புவதை நிறுத்துங்கள்." கணக்கு சரிதான். டேங்கின் கொள்ளளவு 13 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பாதி டேங்கோடு ஓடினால் ஐந்து கிலோ அளவுக்கு மிச்சம், அதுவும் வண்டியின் உச்சியில் இருக்கும் ஐந்து கிலோ. நிற்கிற வண்டி சாயும்போது கையை இழுப்பது இந்த உயரத்து எடைதான். கீழே எஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டு கிலோ குறைத்தாலும் இந்த அளவுக்குத் தெரியாது.

சாய்மானமும் கேரியரும் அடுத்து போயின. மூன்று கிலோவுக்கு மேல். இவற்றைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை; இன்றுவரை தேடவும் இல்லை. கிராஷ் கார்டை முழுதாக விட்டுவிட மனமில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் சிந்திய டீசலும் மணலும் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. வண்டி ஒருபக்கமாகச் சரிந்தால் காலைக் காப்பது அந்தக் கம்பிதான். கனத்த எண்கோணக் கம்பியை எடுத்துவிட்டு மெலிந்த ஒன்றை மாட்டினேன். இரண்டு கிலோ குறைந்தது. லாரிகளுக்கு நடுவில் நுழைகிறபோது அகலம் குறைந்தது அதைவிடப் பெரிய லாபம்.

மெயின் ஸ்டாண்டைக் கழற்றியதில் மூன்று கிலோ. வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்கும் இரும்பு, வேகத்தடையில் இடிக்கும் இரும்பு, போனால் போகட்டும் என்றுதான் நினைப்போம். எங்கள் சந்தில் கதை வேறு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி, நேராக நிற்கும் வண்டியைவிட அதிக இடம் அடைக்கும். தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிறவர்கள் ஹேண்டில் இடிக்கிறது என்று முகம் சுளித்தார்கள். செயினைத் துடைத்து ஆயில் விடவும் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்ற வேண்டும். ஸ்டாண்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். குறுகிய தெருவில் இருப்பவர்கள் இந்த மூன்று கிலோவைச் சுமப்பதே நல்லது.

பேட்டரி மாற்றம்தான் எனக்குப் பிடித்தது. பழைய லெட் ஆசிட் பேட்டரி மூன்று கிலோ. அந்த இடத்தில் வந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒரு கிலோகூட இல்லை. வண்டியை இரண்டு வாரம் தொடாமல் விட்டாலும் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். லெட் ஆசிட் பேட்டரி சாகப்போகிறது என்றால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், ஹாரன் கம்மும், நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் சட்டென்று எல்லாவற்றையும் துண்டித்துவிடும். இந்த மாடலில் கிக் ஸ்டார்ட்டரும் கிடையாது. ஆகவே எப்போதாவது வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். லெட் ஆசிட்டுக்கான பழைய சார்ஜரை, குறிப்பாக சல்பேட் நீக்கும் வகையை, இதில் மாட்டவே கூடாது.

பின் ஸ்பிராக்கெட்டை, அதாவது பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரத்தை, அலுமினியத்தில் போட்டுப் பார்த்தேன். தராசில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, சக்கரத்தோடு சுற்றும் எடை என்பதால் ஆசையும் இருந்தது. எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூளும் மணலும் செயினில் ஒட்டிக்கொண்டு பல்லை அரம்போல அராவிவிட்டன. இரும்பு ஸ்பிராக்கெட்டே திரும்ப வந்தது. பந்தயத் தடத்துக்கான பொருளை இந்தச் சாலையில் ஓட்டினால் அது உழைக்கிற காலம் அவ்வளவுதான்.

சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம். வண்டியின் எடையில் ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பது ஒரு வகை, சக்கரம், டயர், டிஸ்க் என்று கீழே இருப்பது இன்னொரு வகை. கீழே இருக்கும் எடை குறைந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுவது லேசாகும், முதுகுக்கும் நல்லது. இதைக் கேட்டவுடன் எல்லாரும் அலாய் வீலுக்கு ஓடுகிறார்கள். வார்ப்பு அலாய் சக்கரம் ஸ்போக் சக்கரத்தைவிட எடை குறைவு என்பது நிச்சயமில்லை, கூடுதலாகவும் இருக்கும். டியூப்லெஸ் டயர் போடலாம், பஞ்சர் ஆனாலும் நடுரோட்டில் நிற்க வேண்டாம் என்பதற்காக வாங்கினால் நியாயம் உண்டு. எடைக்காக என்றால், வாங்குவதற்கு முன் தராசில் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முன் மட்கார்டுக்குப் பதில் குட்டையான அலுமினிய மட்கார்டு கோடையில் அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் சேறு எஞ்சின் முழுக்க அப்பியது, ஹெல்மெட் கண்ணாடியிலும் தெறித்தது. கடற்காற்று வேறு. அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட் முறுக்கிய இடங்களில் வெள்ளைப் பொடி பூத்தது. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். கிரீஸ் தடவி முறுக்கினால் தாக்குப்பிடிக்கும். நான் அசல் மட்கார்டையே மாட்டிக்கொண்டேன். ஏதாவது கழற்றி ஓட்டை காலியாக நின்றால், அதிலும் கிரீஸ் தடவிய ஒரு போல்ட்டைப் போட்டு அடைத்துவிடுங்கள். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை துரு காத்துக்கொண்டே இருக்கிறது.

சைலன்சரில்தான் அதிக எடை மிச்சமாகும் என்பது உண்மை. நண்பரின் குட்டை சைலன்சரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது தெருவே எழுந்து உட்காரும் சத்தம். சில கிலோவுக்காக அக்கம்பக்கத்துத் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. சட்டமும் கடுமை: அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டித் தள்ளும் கடைகளிடம் போகவே போகாதீர்கள்.

சாரி கார்டை நான் தொடவே இல்லை. பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. விதியைவிடக் கண்டிப்பானவர் என் அம்மா. "அந்தக் கம்பியைக் கழற்றினால் நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

கூட்டிக் கழித்தால் இப்போது ஷோரூமிலிருந்து வந்ததைவிட ஏழு கிலோ குறைவு. டேங்கைப் பாதியில் வைத்திருக்கும் நாட்களில் பன்னிரண்டு. வண்டியும் 75 கிலோ ஆளும் சேர்ந்த மொத்தத்தில் ஏழு கிலோ என்பது நூற்றுக்கு மூன்றைத் தொடாது. மைலேஜில் வித்தியாசம் இல்லை. உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது காற்றின் எதிர்ப்பு, அதனால் அதிலும் இல்லை. சிக்னலில் கிளம்பும்போது ஏதோ தெரிவதுபோல இருக்கிறது, அது மனப்பிரமையாகவும் இருக்கலாம். சந்தில் தள்ளித் திருப்பும்போது தெரிவது மட்டும் பிரமை இல்லை. பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றும் ஆறு படிகளில் ஒரு படி தளர்த்தியதும் மணலி சாலைப் பள்ளங்கள் முன்போல முதுகில் ஏறவில்லை. அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

கழற்றிய அசல் சாமான்களைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆயில் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும்போது, வாங்க வருகிறவர் மாற்றிய பொருளுக்கு ஒரு பைசா கூட்டித் தரமாட்டார், இல்லாத பொருளுக்கு மட்டும் மறக்காமல் கழித்துக்கொள்வார்.