ஒரு சட்டச் சிக்கலும் கார்னெல் இணையதளமும்

அமெரிக்காவின் கார்னெல் சட்டப் பள்ளியில் 1992இல் தொடங்கப்பட்ட சட்டத் தகவல் நிறுவனத்தின் தளம் இது; அமெரிக்கச் சட்டங்களை இதில் படிக்கலாம். சட்ட மொழிபெயர்ப்பு செய்யும் நான் தினமும் திறக்கிறேன். கட்டணம் கிடையாது.

போன வாரம் ஒரு கட்டுரையில் சிக்கினேன். நீதிமன்றம் நியமித்த அமெரிக்க அரசு வழக்கறிஞரை (ஒரு மாவட்டத்தில் மத்திய அரசுக்காக வழக்கு நடத்துபவரை) யார் நீக்கலாம்? அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் தலைப்பு 28, பிரிவு 546(டி): இடைக்கால நியமனத்தின் 120 நாள் முடிந்தால் மாவட்ட நீதிமன்றமே ஒருவரை நியமிக்கலாம். சரி, நீக்குவது? அதே தலைப்பின் பிரிவு 541(சி)யில் ஒரே வரி. ‘ஒவ்வொரு’ அரசு வழக்கறிஞரையும் அதிபர் நீக்கலாம். அந்த ‘ஒவ்வொரு’வில் நீதிபதிகள் நியமித்தவரும் அடக்கம். நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் பற்றி அதில் பேச்சே இல்லை. 2020 ஜூனில் நீதிமன்றம் நியமித்த நியூயார்க் அரசு வழக்கறிஞர் ஜெஃப்ரி பெர்மன் விலக மறுத்ததும், அதிபரே நீக்கிவிட்டதாக அப்போதைய அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் மறுநாள் கடிதம் எழுதியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு பிரிவும் எப்படி மாறியது என்று சொல்லும் குறிப்புகள் பகுதி. நீதிமன்றத்தின் அந்த நியமன அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2006இல் எடுத்து, 2007இல் திருப்பித் தந்தது வரை அதில் இருக்கிறது. இதே கேள்விக்கு நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் 1979இல் தந்த கருத்தை மட்டும் அத்துறையின் தளத்தில் படித்தேன்.