துபாயில் 911 டர்போ எஸ் வாடகைக்கு எடுக்கிறீர்களா? முதலில் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற ஓட்டையில் விரலை விட்டுப் பாருங்கள்

அமீரகத்தில் சொகுசு கார் வாடகைக்கு எடுக்கிற நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சாதா போர்ஷே 911 காரெராவுக்கு டர்போ எஸ் வேஷம் கட்டி என் தலையில் கட்டினார்கள். வாடகை மட்டும் அசல் டர்போ எஸ் வாடகை. போதாததற்கு டெபாசிட்டையும் அமுக்கப் பார்த்தார்கள்.

ஊரிலிருந்து மனைவியின் தம்பி வந்திருந்தான். கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒருநாளாவது டர்போ எஸ் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். விளம்பரம் ஒன்றில் விலை மற்ற இடங்களை விடக் கொஞ்சம் குறைவு. ஏன் என்று கேட்டேன். "அண்ணே, 2025 செப்டம்பர்ல மியூனிக்ல புது ஹைப்ரிட் டர்போ எஸ் காட்டிட்டாங்கல்ல, 711 குதிரை, 2.5 செகண்ட்ல நூறு. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. 650 குதிரை பழைய டர்போ எஸ் சும்மா நிக்குது, அதான் இறக்கிக் கொடுக்கிறோம்" என்றான் வாடகைக் கம்பெனிக்காரன். சொன்ன தகவல் அத்தனையும் சரி. வண்டிதான் பொய்.

பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு டிரைவர் போய்விட்டார். மச்சான் செல்போனில் வீடியோ எடுத்தபடி வண்டியைச் சுற்றி வந்தான். பின் மட்கார்டில், சக்கரத்துக்குச் சற்று முன்னால், டர்போவுக்கே உரிய காற்றுத் துவாரம் இருந்தது. அதற்குள் விரலை விட்டவன், "அத்தான், இது அடைச்சிருக்கு" என்றான். நானும் விட்டுப் பார்த்தேன். ஒரு விரல் ஆழம்கூட இல்லை, கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. அசல் வண்டியில் அந்தத் துவாரம் அழகுக்கு வைத்ததல்ல. இன்ஜினுக்குக் காற்று போகிற வழிகளில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. மஞ்சள் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பாகம்) என்றால் செராமிக் பிரேக் என்று அர்த்தம். டர்போ எஸ்ஸில் அது கூடவே வரும், முன் டிஸ்க் மட்டும் 420 மில்லிமீட்டர். இங்கே கேலிப்பரில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது, பக்கத்து போல்ட்டிலும் தெறித்திருந்தது. காலையில் கழுவின வண்டி போல. டிஸ்க் மேல் மெல்லிசாகச் செந்துரு படிந்திருந்தது. செராமிக் துருப்பிடிக்காது. அசலில் சக்கரத்து நடுவில் ஒற்றைப் பெரிய நட்தான் இருக்கும். இதிலும் அப்படி ஒன்று தெரிந்தது. நகத்தால் நெம்பினால் அது ஒரு மூடி, உள்ளே வழக்கமான ஐந்து போல்ட். அசலில் முன் பம்பருக்குக் கீழே இருக்கிற ஸ்பாய்லர் தானாக நீளும், பின்னிறக்கையும் எழும்பும். இதில் இரண்டும் ஒட்டவைத்த ஃபைபர். அசல் டர்போவின் பின்பக்கம் காரெராவை விட 48 மில்லிமீட்டர்தான் அகலம். அந்த வித்தியாசத்தை ஃபைபரில் கொண்டுவருவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

சரி, ஓட்டியாவது பார்ப்போம் என்று கிளம்பினோம். காரெரா மட்டமான வண்டி இல்லை. 385 குதிரைத்திறன், நாலு நொடி சொச்சத்தில் நூறைத் தொடும். ஆனால் டர்போ எஸ் 2.7 நொடி. இழுவிசையில் இதன் 450 நியூட்டன் மீட்டர் எங்கே, அதன் 800 எங்கே! அதுவும் அங்கே நாலு சக்கரமும் இழுக்கும், இங்கே பின்சக்கரம் இரண்டுதான். 1975இல் விற்பனைக்கு வந்த முதல் 911 டர்போவில் மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அப்புறம் ஒரேயடியாகத் தள்ளும் என்பார்கள். அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் 2006 மாடலிலிருந்து டர்போவுக்குள் இன்ஜின் புகையில் சுழல்கிற டர்பைனைச் சுற்றித் திரும்புகிற தகடுகளை வைத்தார்கள். காரெராவின் டர்போவில் அந்தத் தகடுகள் கிடையாது. காசு கொடுத்து வாங்குகிற வித்தியாசம் அதெல்லாம்தான்.

போன் போட்டுக் கேட்டேன். வந்த பதில்: "அண்ணே, காரெராலயும் ரெண்டு டர்போ இருக்குண்ணே. இதுவும் டர்போதானே?" இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? 2015 கடைசியிலிருந்து காரெராவுக்கும் டர்போதான். அப்புறம் எதற்கப்பா பின்னால் 'டர்போ எஸ்' என்று எழுத்து ஒட்டினாய்? டேஷ்போர்டில் இருந்த முல்கியாவில் (வண்டியின் பதிவு அட்டை) 'காரெரா' என்றே அச்சடித்திருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபின் அடுத்த நாடகம். ரிம்மில் கீறல், டெபாசிட் திரும்ப வராது என்று வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் பல் வைத்த நிஜமான ஒற்றை நட், கம்பிகளுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாகச் செராமிக் டிஸ்க். எங்கோ ஒரு அசல் டர்போ எஸ்ஸின் சக்கரம்! "தம்பி, இந்தச் சக்கரம் நீங்க எனக்குக் கொடுத்த வண்டியில கிடையாதே" என்று மச்சான் எடுத்த வீடியோவை அனுப்பினேன். பதில் இல்லை. முல்கியா படம், வீடியோ, அவர்கள் அனுப்பின ரிம் படம், ரசீது எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் ஆன்லைனில் புகார் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் ஸாலிக் (சாலைச் சுங்க) கட்டணம் போக மீதி டெபாசிட் கணக்கில் ஏறியது. வாடகை வித்தியாசம் இன்னும் வரவில்லை, புகார் நிலுவையில்.

எடுக்கப் போகிறவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் முல்கியாவின் படத்தைக் கேளுங்கள். "அது ஆபீஸ்ல இருக்குண்ணே" என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். டெபாசிட்டைக் கையில் ரொக்கமாகக் கேட்பார்கள்; கொடுக்காதீர்கள், கிரெடிட் கார்டில் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். டிரைவர் நிற்கும்போதே வீடியோ எடுங்கள், நாலு சக்கரத்தையும் கிட்டத்தில்.

அந்த வண்டி இப்போது வேறொரு பெயரில் விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. வெளிர் சாம்பல் நிறம், மஞ்சள் கேலிப்பர், நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்திருக்கிறார்கள். இந்த முறை '711 குதிரைத்திறன்' என்று போட்டிருக்கிறார்கள்.