வலிக்குப் போனால் கெகல் தாள்: சென்னையில் இடுப்புத்தள பிசியோதெரபி

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஜெராக்ஸ் எடுத்த ஒரு ஏ4 தாள். படத்தில் மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணுக்கு மூக்கும் வாயும் எப்போதோ அழிந்துவிட்டன. மேலே ‘கெகல் பயிற்சி’ என்று கொட்டை எழுத்து, ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் ‘தினம் 100’. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிசியோ பிரிவில், மாதக்கணக்காக அடிவயிற்றிலும் அதற்குக் கீழேயும் வலி என்று வந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கிடைத்தது இதுதான். உட்கார்ந்தால் எரிச்சல், யூரின் போய்விட்டு வந்தாலும் போகாத மாதிரி ஒரு உணர்வு, தாம்பத்தியத்தில் வலி. ஸ்கேன் நார்மல், யூரின் கல்ச்சர் நார்மல். அவர் கேட்டது வலி போக வழி, தாளில் இருந்ததோ இடுப்புக்குழியின் அடியில் இருக்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கும் பயிற்சி, அதற்கு நேர் எதிர்.

வேகத்தைக் குறை சொல்ல முடியாது. காலையில் போன் செய்தால் சாயங்காலமே டோக்கன். லண்டனில் இதே விஷயத்துக்கு ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், கடிதம் எழுதி, அது போய்ச் சேர்ந்து, மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் பெயர் கூப்பிடுவார்கள். ஆனால் கூப்பிட்ட பிறகு முதல் ஒரு மணி நேரமும் கேள்விதான். இங்கே திரையை இழுத்துவிட்டு, “குப்புறப் படுத்துக்கோங்க மேடம்” என்றதோடு பேச்சு முடிந்தது. கீழ் முதுகில் நாலு பேட், பதினைந்து நிமிடம் கரண்ட். அப்புறம் ஷார்ட் வேவ், அதாவது ரேடியோ அலையால் ஆழத்தில் ஏற்றும் சூடு. மிஷின் ‘டிங்’ என்றதும் எழுந்திரிக்க வேண்டியது, தாளை வாங்க வேண்டியது, பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு கவுன்டரில் பணம் கட்ட வேண்டியது.

சூடு வைக்கும் முன் இரண்டு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: நாள் தள்ளிப் போயிருக்கிறதா? காப்பர்-டி போட்டிருக்கிறீர்களா? கர்ப்பம் இருக்க வாய்ப்பிருந்தால் இடுப்பில் ஷார்ட் வேவ் கூடாது. உள்ளே உலோகம் இருந்தாலும் தவிர்ப்பதுதான் முறை. இரண்டையும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் போகும் இடத்தில் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கரண்ட் மிஷின் கெட்டது என்று சொல்ல வரவில்லை. 4000 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்கே விட்டு வலிச் செய்தியைக் கொஞ்ச நேரம் மங்கச் செய்யும் கருவி அது. வீட்டுக்கு வரும் வரை சுகமாக இருக்கும். இறுகிப் போன தசைக்கு விடத் தெரிய வேண்டுமே, அதை அந்த மிஷின் சொல்லித் தராது.

மறுபடி அந்தத் தாளுக்கு வருவோம், கோபம் இன்னும் தீரவில்லை. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-இல் அந்தப் பயிற்சியை எழுதியது பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன தசைக்கு, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிபவர்களுக்கு. அங்கே அது அருமையான வைத்தியம். நாள்பட்ட இடுப்பு வலியில் பெரும்பாலும் நடப்பது வேறு. முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தொட்டில் போலக் கட்டியிருக்கும் இந்த இடுப்புத்தளத் தசைகள் எப்போதும் பாதி சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடுகின்றன. விட்டுத் தளரத் தெரியாத தசையை தினம் நூறு தடவை இன்னும் இறுக்கச் சொன்னால் வலி கூடத்தான் செய்யும். இதில் ஒரு பொறி வேறு உண்டு. இறுகிய தசை சோதித்துப் பார்த்தால் பலவீனமாகத்தான் தெரியும், சில சமயம் கசிவும் இருக்கும். உடனே ‘வீக்’ என்று எழுதி கெகலை நீட்டிவிடுகிறார்கள். சிறுநீர் வர நேரமாகிறது, விட்டு விட்டு வருகிறது, மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறது, டாக்டர் உள்ளே கருவி வைத்தாலே உயிர் போகிறது என்றால் இறுக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நகரத்தின் மேற்கே ஒரு அபார்ட்மென்ட் மாடியில் இதை மட்டுமே பார்க்கும் பிசியோ ஒருவர் அமைந்தது அதிர்ஷ்டம். லண்டனில் கிடைப்பதற்குக் கொஞ்சமும் குறையாத கவனிப்பு, அதுவும் காத்திருக்காமல். படுக்கையே இல்லாமல் அரை மணி நேரம் பேச்சு. பிரசவத்தில் தையல் போட்டார்களா, சிசேரியனா, எத்தனை மணிக்கொரு தடவை யூரின், எந்த நாற்காலியில் வலி கூடுகிறது? பிறகு மூச்சு விடும்போது விலா விரிகிறதா, வயிற்றை உள்ளே இழுத்தே வைத்திருக்கிறாரா என்று பார்த்தார். சிசேரியன் தழும்பை இரண்டு விரலால் நாலு பக்கமும் நகர்த்தினார். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. இடுப்பு மூட்டை உள்ளும் புறமும் திருப்பினார். தொடையை வெளியே திருப்பும் தசை ஒன்று இடுப்புக்குழியின் உள்சுவரில் இருக்கிறது. அது இறுகினால் அடிப்பகுதி முழுக்க வலிக்கும்.

உள்பரிசோதனை அதற்கப்புறம்தான். என்ன செய்யப் போகிறேன், எதற்கு, வேண்டாம் என்றால் வேண்டாம், கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, கையுறை, தண்ணீரில் கரையும் ஜெல், ஒரே ஒரு விரல். கருவி எதுவும் கிடையாது. முன்னெலும்பு 12 மணி, வால் எலும்பு 6 மணி என்று கடிகாரக் கணக்கில் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்தி, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். “ஆமா, இதே வலிதான்” என்று உறவுக்காரப் பெண் சொன்ன இடம் 4 மணி. அங்கே அழுத்தத்தைக் கூட்டாமல், அவரை நீளமாக மூச்சு விடச் சொல்லி, வலி பாதியாகும் வரை அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் பிடித்திருப்பதுதான் சிகிச்சை. கல்யாணம் ஆகாத பெண்களும், உள்ளே பார்க்கவே வேண்டாம் என்பவர்களும் இதற்குப் பயந்து வராமல் இருக்க வேண்டியதில்லை. உட்காரும் எலும்பின் உள்விளிம்பில் வெளியிலிருந்தே விரல் வைத்து நிறைய வேலை செய்யலாம்.

இப்படிக் கையால் தசையை இளக்குவதற்கு ஆதாரம் உண்டு. சிறுநீர்ப்பை வலியும் இடுப்புத்தளத் தசையில் தொட்டால் வலியும் இருந்த 81 பெண்களை வைத்து அமெரிக்கப் பக்கம் நடந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. தசை இளக்கும் சிகிச்சையில் 59 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள், சாதாரண உடல் மசாஜில் 26 சதவீதம். ஒரு மணி நேர அமர்வுகள், அதிகபட்சம் பத்து. தினமும் வரச் சொல்லும் பேக்கேஜ் இதற்குப் பொருந்தாது. வாரம் ஒரு தடவை, இரண்டு மூன்று மாதம் என்பதுதான் வழக்கம். மறுநாள் லேசாக வலிக்கலாம். இரண்டு நாளைக்கு மேல் வலி ஏறியே இருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், அடுத்த தடவை சொல்லிவிட வேண்டும்.

மீதி வேலை வீட்டில். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக் கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்து, மூக்கால் நாலு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் இறங்கும், கூடவே இடுப்புத்தளமும் இறங்கும். அப்போது உட்காரும் எலும்புகள் இரண்டும் விலகுவதாக நினைத்துக்கொண்டால் தசை விடுவது கைவரும். ஐந்து நிமிடம், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. முக்கி வெளியே தள்ளக் கூடாது, பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்தது யூரின் கணக்கு. மூன்று நாள் நேரத்தை எழுதி வைத்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். “கிளம்பறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு தடவை போய்ட்டு வந்துடு” என்று நம் அம்மாக்கள் வளர்த்த பழக்கம், சிறுநீர்ப்பை பாதி நிரம்பும் முன்பே கூப்பாடு போட அதற்குப் பயிற்சி கொடுத்துவிடுகிறது. இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டி இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். வெளியே கக்கூஸ் சுத்தமில்லை என்று சீட்டைத் தொடாமல் அரைக்குனிவில் நின்று போவதும் தசையை விடவே விடாது. டிஷ்யூ போட்டாவது உட்காருங்கள்.

இந்த விஷயத்தில் ஊரைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்த காலத்தில் மலக்குடல் வளைவு தானாக நேராகும், முக்க வேண்டியதே இல்லை. இப்போது எந்த ஃபிளாட்டிலும் வெஸ்டர்ன் மட்டும்தான். வெள்ளைக்காரனோ கமோட் முன்னால் காலை வைக்க பிளாஸ்டிக் ஸ்டூலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். துணி துவைக்க உட்காரும் குட்டி ஸ்டூல் சுமார் 20 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். பாதத்தை அதில் வைத்து, முழங்கை முழங்காலில், முதுகு நேராக, வாய் லேசாகத் திறந்து மூச்சு.

பிசியோவுக்கு முன் டாக்டரைப் பார்த்தாக வேண்டியவர்களும் உண்டு. காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது. பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவதும் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்வதும் நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டியவை. ஸ்கேன் நார்மல் என்பதால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இல்லை என்று ஆகிவிடாது. நம் ஊரில் கருக்குழாய்க் காசநோயையும் மறக்கக் கூடாது.

அப்பாயின்ட்மென்ட் போடும் முன் போனிலேயே கேட்டுவிடுங்கள்: முதல் தடவை எவ்வளவு நேரம், தனி அறையா திரையா, உள்பரிசோதனைக்குப் பயிற்சி எடுத்தவரா, கூட ஒரு ஆள் இருக்கலாமா? “மிஷின் எல்லாம் இருக்கு மேடம்” என்பதுதான் பதில் என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஆண்கள் பாடுதான் மோசம். இதே இறுக்கம் அவர்களுக்கு விரைக்குக் கீழே, ஆசனவாய் அருகே, ஆணுறுப்பு நுனியில் வலியாக வரும். ‘ப்ராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன்’ என்று கல்ச்சரில் கிருமியே இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் மேல் கோர்ஸ் ஓடும். அந்தப் பெயரில் வரும் நாள்பட்ட வலியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிருமி இல்லாத வகைதான். மூச்சுப் பயிற்சி, ஸ்டூல், யூரின் கணக்கு எல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும், உள்பரிசோதனை மட்டும் ஆசனவாய் வழி. ஆனால் சென்னையில் விசாரித்த இடங்களில் பாதிக்கு மேல் “லேடீஸ் மட்டும்தான் சார்” என்று போனை வைத்துவிட்டார்கள்.