'இரண்டு மாதக் குட்டி' என்று விற்றார்கள்: பச்சோந்தி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று பச்சோந்திக் குஞ்சுகள் வாங்கினேன். இரண்டு செத்துப்போயின. பிழைத்த ஒன்றுக்கு முன்னங்கால் வில் மாதிரி வளைந்திருக்கிறது, இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விவரம் தெரிந்துகொள்ளாமல் வாங்கியது என் தப்புதான், அதை மறைக்கவில்லை. ஆனால் என்னை ஏமாற்றியவர் கணக்குப் போட்டு ஏமாற்றியிருக்கிறார். அந்தக் கணக்கு எனக்குப் புரிய இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்குச் சீக்கிரம் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் இதே வேலையைச் செய்யும் மற்றவர்களெல்லாம் நல்லவர்கள் என்று ஆகிவிடும்.

நான் வாங்கியது வெய்ல்டு வகை. யேமனும் சவூதி அரேபியாவும் அதன் சொந்த மண். வளர்ந்தால் தலைமேல் கோபுரம் மாதிரி ஒரு மேடு எழும்பி நிற்கும். விளம்பரத்தில் இப்படி இருந்தது: "இரண்டு மாதக் குட்டிகள். நல்லா சாப்பிடுது. மூணுமே ஆண்." கூடவே ஒரு வீடியோ. கிளையில் உட்கார்ந்திருக்கும் குஞ்சு ஒன்று நாக்கைச் சுண்டிவிட்டு ஒரு பூச்சியை லபக்கென்று இழுத்துக்கொள்கிறது. அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்க்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தால் மூன்றும் என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. வாலை நீட்டிப் பிடித்து அளந்தாலும் ஏழு சென்டிமீட்டர் தேறாது. உடனே போன் போட்டேன்.

"ரெண்டு மாசக் குட்டி இவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

"பச்சோந்தி மெதுவாத்தான் வளரும் சார். ஆமை மாதிரி."

ஆமை என்றதும் நம்பிவிட்டேன். எனக்கு ஆமையைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.

வெய்ல்டு பச்சோந்தி மெதுவாக வளர்கிற பிராணியே இல்லை. ஒரு வருடம் நிறையும் முன்பே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் அன்றே வாலோடு சேர்த்து ஆறேழு சென்டிமீட்டர் இருக்கும். அப்படியென்றால் என்னிடம் வந்தவை பிறந்து சில நாட்களே ஆன குஞ்சுகள்.

இதில் விற்பவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு வெய்ல்டு தாய் ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். ஆறு முதல் ஒன்பது மாதம் அடைகாக்கும் பெட்டியில் சும்மா கிடக்கும் முட்டைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரியும். திடீரென்று ஐம்பது வாய். ஒவ்வொன்றுக்கும் தினமும் இரண்டு மூன்று வேளை, குண்டூசித் தலை அளவிலான பூச்சிகள் வேண்டும். அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். குஞ்சுகள் அதிகமாகச் சாவதும் இந்த முதல் சில வாரங்களில்தான். மனசாட்சியுள்ள வளர்ப்பாளர் மூன்று மாதம் தன்னிடமே வைத்திருந்து, தேறியவற்றை மட்டும் கொடுப்பார். சாகிறவை அவருடைய நஷ்டம். என்னிடம் விற்றவரோ அந்த மூன்று மாதத்தையும், அந்தச் சாவுகளையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்.

அவர் கொடுத்த உத்தரவாதத்தையும் சொல்ல வேண்டும். "24 மணி நேர உயிர் உத்தரவாதம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதிதாகப் பொரிந்த குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சமிருக்கும். முதல் ஓரிரு நாள் ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் அதை வைத்தே தெம்பாகத்தான் தெரியும். தண்ணீர்க் குறைவு வெளியே தெரியச் சில நாள் ஆகும், எலும்புக் கோளாறு தெரியச் சில வாரம் ஆகும். போதாததற்கு, பச்சோந்தி தன் நோயை மறைக்கிற பிராணி. காட்டில் சோர்ந்து தெரிந்தால் எதற்காவது இரையாகிவிடுமே. ஆக, 24 மணி நேரத்தில் எந்தக் குஞ்சும் சாகாது. சாகிறபோது கேட்டால் "உங்க பராமரிப்பு சரியில்ல சார்" என்று முடித்துவிடலாம். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது, இரண்டு முறை.

பராமரிப்பு சரியில்லை என்பதில் பொய்யில்லை. அந்தப் பராமரிப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். குஞ்சுகளோடு ஒரு 'முழு செட்'டும் விற்றார்: கண்ணாடித் தொட்டி, கண்ணாடி மூடி, அடியில் போட மணல், ஒரு சிவப்பு பல்பு, ஒரு சுருள் பல்பு, குடிக்க ஒரு சின்னக் கிண்ணம். அப்புறம் ஓர் அறிவுரை: "மூணையும் ஒண்ணாவே விடுங்க, துணைக்கு இருக்கும்."

முதலில் போனது மிகச் சின்னது. மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்து விளக்கை வேறு அணைத்துவிட்டேன். பகலில் கண்ணை மூடியிருக்கும் பச்சோந்திக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அதில் விதிவிலக்கு அதிகம் கிடையாது. மறுநாள் கண் குழிவிழுந்து உள்ளே போயிருந்தது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. இரண்டும் உடம்பில் தண்ணீர் வற்றியதற்கு அடையாளங்கள். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று குழம்பினேன். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பொதுவாகத் தண்ணீராகவே எடுத்துக்கொள்வதில்லை. இலையில் உருளும் துளியை நக்கித்தான் குடிக்கும். என் தொட்டியில் இலையே கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் குச்சிகளும் ஒரு கிண்ணமும்தான். ஐந்தாம் நாள் காலையில் அது மணலில் கிடந்தது. ஒரு கிராம் இருக்குமோ என்னவோ, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்தும் ஒன்றைக் கோட்டைவிட்டேன். மிஞ்சிய இரண்டையும் பிரிக்கவில்லை. கைகலப்பு ஏதும் இல்லையே, ஒன்றாகத்தானே இருக்கின்றன என்ற தைரியம். பெரியது எப்போதும் பல்புக்குக் கீழே, மேல் குச்சியில். மற்றது கீழே மூலையில், உடம்பெல்லாம் கருத்து. பச்சோந்தி ஒளிந்துகொள்ளத்தான் நிறம் மாறும் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். குளிரும் பயமும் மன அழுத்தமும்கூட அதன் தோலில்தான் தெரியும். கடிக்காமல், துரத்தாமல், வெறுமனே கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தாலே பெரியது சின்னதைச் சாப்பிடவிடாமல் செய்துவிடும். கூடப் பிறந்தவைகளைச் சில வாரங்களுக்கு ஒன்றாக வைக்கலாம். அதுவும் ஒளிந்துகொள்ளத் தழைகள் நிறைய இருக்கும் பெரிய கூண்டில், ஒன்று மெலிகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டே. என் வெற்றுத் தொட்டியில் அதற்கு வழியில்லை. மூன்றாவது வாரம் அதுவும் போய்விட்டது.

மிஞ்சிய பெரியது நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆறாவது வாரம் நாக்கு குறி தவற ஆரம்பித்தது. பூச்சியைப் பார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு பாதி தூரம் போய்த் தொங்கும். கிளையைப் பிடிக்கும் பிடியும் தளர்ந்துபோனது. நல்லவேளையாக ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவர் கிடைத்தார். தாடையை மெல்ல அழுத்திப் பார்த்தார், ரப்பர் மாதிரி அமுங்கியது. எக்ஸ்ரேயில் எலும்புகள் சரியாகத் தெரியவே இல்லை. கால்சியம் இல்லாமல் எலும்பு இளகும் நோய்.

"என்ன லைட் போட்டிருக்கீங்க?" என்றார்.

படத்தைக் காட்டினேன். சுருள் பல்பு கண்ணாடி மூடியின் மேல் உட்கார்ந்திருந்தது. விற்றவர் அப்படித்தான் வைக்கச் சொன்னார். பச்சோந்தியின் தோல் வைட்டமின் டி3 தயாரிக்க யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் வேண்டும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் சேராது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். சுருள் பல்பே இதற்குப் போதாது, அதையும் கண்ணாடிக்கு மேல் வைத்தால் வெளிச்சம் மட்டும்தான் உள்ளே வரும். ஆறு வாரமாக என் பச்சோந்தி இருட்டில் வளர்ந்த மாதிரிதான்.

டாக்டர் அப்புறம் அதைத் திருப்பிப் பின்னங்காலைப் பார்த்தார். "இதை ஆண்னு சொன்னாங்களா? இது பெண்." வெய்ல்டு வகையில் ஆணுக்குப் பின்னங்கால் குதிகாலில் சின்ன முள் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். பிறக்கும்போதே இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குஞ்சிலேயே தெரியும். என்னுடையதற்கு இல்லை. வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை முப்பத்தோராவது தடவை போட்டுப் பார்த்தேன். நாக்கைச் சுண்டும் அந்தக் குஞ்சின் குதிகாலில் புடைப்பு தெளிவாகத் தெரிந்தது. வீடியோவில் இருந்தது வேறு குஞ்சு.

ஆணோ பெண்ணோ என்ன என்று விட்டுவிட முடியாது. வெய்ல்டு பெண் ஆணே இல்லாமலும் முட்டையிடும். ஆறு மாத வயதிலேயே ஆரம்பிக்கலாம். அந்த முட்டைகள் பொரியாது, ஆனால் ஓட்டுக்கான கால்சியம் தாயின் உடம்பிலிருந்துதான் போகும். தோண்டி முட்டையிட இடம் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிப் பிராணியைக் கொன்றுவிடும். ஏற்கெனவே எலும்பு இளகிய ஒன்றுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. ஆண் என்று நம்பி வாங்கியவர் இதற்குத் தயாராகவே இருக்கமாட்டார்.

ஆகவே வாங்கும் முன் வயதை வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய தேதி எழுதிய தாள் பக்கத்தில் இருக்க, அதே குஞ்சு இரை பிடிக்கும் வீடியோ கேளுங்கள். பின்னங்காலைத் தனியாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் பொரிந்தது, இப்போது என்ன இரை, எந்த விளக்கு என்று கேளுங்கள். உண்மையாக வளர்ப்பவர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சந்தோஷமாக, உங்களுக்கு அலுப்புத் தட்டும் அளவுக்குப் பதில் சொல்வார். என் ஆள் எல்லாவற்றுக்கும் "சூப்பரா இருக்கு சார்" என்பார்.

மடகாஸ்கரின் பாந்தர் வகையில் இன்னொரு தந்திரம் உண்டு. நீலமும் சிவப்புமாக ஜொலிக்கும் ஆணின் படத்தைப் போட்டு விற்பார்கள். அது அப்பாவின் படம். பாந்தர் குஞ்சுகள் எல்லாமே சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும், நிறம் ஏறப் பல மாதம் ஆகும். இன்னொன்று, இந்த இரண்டு வகைகளுமே, காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பொரிந்ததா என்று கேட்டு, அதற்கான தாளைக் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

ஏற்கெனவே பிஞ்சுக் குஞ்சு கைக்கு வந்துவிட்டவர்களுக்கு, இப்போது என்னிடம் இருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். காற்றோட்டமான வலைக்கூண்டு. உள்ளே நிஜச் செடிகள்: மணிபிளான்ட், செம்பருத்தி. பென்சிலைவிட மெல்லிய குச்சிகள். அடியில் மணலுக்குப் பதில் டிஷ்யூ தாள். வலைக்கு மேல் நீளக் குழல் யூவிபி விளக்கு, தினம் 12 மணி நேரம். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்போதே கதிர் குறைந்துபோகும், அதனால் போட்ட தேதியை அதன் மேலேயே எழுதி வைத்து மாற்ற வேண்டும். குஞ்சு வெயில் காயும் இடத்தில் 27 முதல் 29 டிகிரி போதும். குஞ்சின் உடம்பு சின்னது, சட்டென்று சூடேறிவிடும். இரவில் எந்த பல்பும் வேண்டாம். சிவப்பு பல்பும் வேண்டாம், இருட்டும் கொஞ்சம் குளிர்ச்சியும்தான் அதற்குத் தூக்கம்.

தண்ணீரை மென்மையான ஸ்பிரேயில் இலைகள் மேல் தெளிக்கிறேன், குஞ்சின் முகத்தில் அல்ல. அது நிதானமாக நக்கிக் குடிக்கும் வரை தெளித்து, அடுத்த முறைக்குள் இலை காயவிடுகிறேன். இரையாகப் பறக்க முடியாத பழ ஈக்களும், அப்போதுதான் பொரிந்த கிரிக்கெட் பூச்சிகளும். இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது. பூச்சிக்கு முதல் நாளே கீரையும் காரட்டும் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டுக் கொடுத்தால், அந்தச் சத்தும் சேர்த்துப் பச்சோந்திக்குப் போகும். ஒவ்வொரு வேளையும் டி3 கலக்காத கால்சியம் தூளில் லேசாகப் புரட்டுகிறேன், டி3 கலந்ததும் மல்டிவைட்டமினும் மாதம் இரண்டு முறை மட்டும். இரவில் மிச்சமான கிரிக்கெட் பூச்சிகளைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தூங்கும் குஞ்சை அவை கடிக்கும்.

கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கும். அந்த வயதில் அது உங்கள் கையைப் பருந்தாகத்தான் பார்க்கும்.

டாக்டர் கொடுத்த கால்சியம் சொட்டும் புதிய விளக்கும் சேர்ந்து என்னுடையதை மீட்டுவிட்டன. நாக்கு மறுபடி குறி பார்க்கிறது. வளைந்த காலை ஊன்றாமல், மற்ற மூன்றால் கிளையைப் பிடித்து ஏறக் கற்றுக்கொண்டுவிட்டது. கூண்டின் ஒரு மூலையில் ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டி தயாராக இருக்கிறது, அது தோண்ட ஆரம்பிக்கும் நாளுக்காக.

போன வாரம் அந்த விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது. அதே வீடியோ, அதே குதிகால் புடைப்பு. அந்தக் குஞ்சுக்கு இன்றைக்கும் இரண்டு மாதம்தான் வயது.