பெட்டி ராட்டையில் கம்பளி நூற்கலாமா?

கொடைக்கானல் மேல்மலையில் ஆடு வளர்க்கும் ஒருவரிடமிருந்து இரண்டு கிலோ மெரினோ (மென்மையான கம்பளி தரும் செம்மறி இனம்) கலப்புக் கம்பளி கிடைத்தது. காலால் மிதித்து இயக்கும் மேல்நாட்டு ராட்டையை வரவழைக்கும் அளவுக்குக் கையில் பணமில்லாததால், ஒரு காதி விற்பனை நிலையத்தில் பெட்டிபோல் மூடி வைக்கக்கூடிய, கையால் சுற்றும் பெட்டி ராட்டை ஒன்றை வாங்கி, மூன்று மாதங்களாக அதில் கம்பளி நூற்று வருகிறேன். (நம் சமவெளியில் காணும் மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை போன்ற செம்மறிகளின் உடலில் இருப்பது வெறும் மயிர், நூற்பதற்கு உதவாது.)

காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தில் செம்மைப்பட்ட இந்த ராட்டை பருத்திக்காகவே பிறந்தது. பெரிய சக்கரம் சிறிய சக்கரத்தையும், அது கதிரையும் (நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும் கூர்மையான கம்பி) சுழற்றுவதால், கைப்பிடியை ஒருமுறை சுற்றுவதற்குள் கதிர் எத்தனையோ தடவை சுழன்றுவிடும். குட்டையான பருத்தி இழைக்கு அவ்வளவு முறுக்கு தேவை. அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமுள்ள மெரினோ இழைக்கு அதில் சிறு பங்கு போதும். முதல் நாள் நான் நூற்றது நூலாக இல்லாமல், தொட்டால் சுருண்டுகொள்ளும் கம்பியாக இருந்தது.

கதிரின் அடியில் கயிறு ஓடும் சிறு உருளையின் மேல் மெழுகு தடவிய நூலை நெருக்கமாகச் சுற்றிப் பருமனாக்கிய பிறகே நிலைமை மாறியது. கதிரின் வேகம் தணிந்ததும் நூல் மென்மையானது. அதைவிட முக்கியமானது, கம்பளியைச் சிக்கெடுக்கும் முறை. வலது கை சக்கரத்தைச் சுற்றுவதால் இழையை இழுக்க இடது கை மட்டுமே மிஞ்சுகிறது; எனவே நீளவாக்கில் சீவிய கம்பளி இதில் சரிப்படாது. முள் பலகைகளில் வாரி, விரல் பருமனுக்குத் தளர்வாகச் சுருட்டிய பட்டையாக இருந்தால், கையைப் பின்னுக்கு இழுக்க இழுக்கத் தடையின்றி இழை பிரிந்து வருகிறது. மிதி ராட்டையில் இழையை இழுக்க இரண்டு கைகளும் கிடைக்கும், நூலும் தானாகவே சுற்றிக்கொள்ளும். இங்கோ முழ நீளம் நூற்றதும் நிறுத்தி, சக்கரத்தைச் சற்றுப் பின்னோக்கிச் சுற்றி, கதிரில் நூலை ஏற்றிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

வேகம் என்று பார்த்தால் ஏமாற்றமே. மாலைதோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும், இரண்டு புரிகளாக முறுக்கிய அறுபது கிராம் நூலுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஆனால் வளையமாகச் சுற்றிய அந்த நூல் சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிட்டபோது, முறுக்கு அடங்கி, குழந்தையின் குல்லாய்க்கு ஏற்ற மெல்லிய, புசுபுசுவென்ற நூல் கிடைத்தது. கம்பளிப் போர்வைக்கான தடித்த நூலை இதில் முயல வேண்டாம். கதிர் சீக்கிரம் நிரம்பிவிடும்.

கம்பளியில் எஞ்சியிருக்கும் கொழுப்பு கதிரில் பிசினாகப் படிகிறது. அடுத்து பருத்தி நூற்றால் இழை ஒட்டிக்கொண்டு அறுகிறது. என் பெட்டியில் கூடுதலாக இரண்டு கதிர்கள் வந்திருந்தன. அவற்றுள் ஒன்றில் சிவப்பு நூல் கட்டி, கம்பளிக்கென்றே ஒதுக்கிவிட்டேன்.