பரிந்துரைப் பொதிகளை நிறுத்தி வைத்த இரண்டு ஆண்டுகள்

இலங்கையில் ஹட்டனுக்கு அருகில் தேயிலைத் தோட்டமொன்றில், 2 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். சாதாரண தரப் பரீட்சை (ஓ/எல்) எழுதும் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். வினாத்தாள் தட்டச்சு செய்வதும் அச்சிடுவதுமே இக்கணினியின் முக்கிய வேலை. இணையத்துக்கு டொங்கிளும் (சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் மோடம்) ரீலோட் செய்யும் டேட்டாவும்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சிக்னல் அடிக்கடி அறுந்துவிடும். ஆகையால், வேண்டாத பொதி (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பு) ஒன்றுகூட இறங்கக் கூடாது என்பது எனக்கு அழகுணர்ச்சி சார்ந்த விருப்பமன்று. அது கைக்காசுக் கணக்கு.

டெபியனில் ஒரு பொதி, தான் இயங்குவதற்குக் கட்டாயம் தேவைப்படுபவற்றைத் தனியாகவும், பெரும்பாலானோருக்குத் தேவைப்படும் எனப் பரிந்துரைப்பவற்றைத் தனியாகவும் அறிவிக்கிறது. 2009இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து, பரிந்துரைகளையும் பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஏபிடி தானாகவே சேர்த்து நிறுவுகிறது. இணையவழி நிறுவலுக்கான சிறிய வட்டுப்படிமத்தில் தொடங்கி, மேசைத்தளம் (சாளரங்களும் பட்டியல்களும் கொண்ட முழுத் திரைச்சூழல்) எதையும் தேர்வு செய்யாமல், ஏபிடியின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி எழுதி அந்த வழக்கத்தை நிறுத்தினேன். பிறகு ஓப்பன்பாக்ஸ் சாளர மேலாளரை ஏற்றினேன்.

முதல் அடி அன்றிரவே விழுந்தது. இணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரை நிறுவி, நிறுவலுக்கு உதவிய வைஃபையை விட்டு வீட்டுக்கு வந்து டொங்கிளைச் செருகினால், அது மோடமாக அல்லாமல் சிடி டிரைவாகத் தோன்றியது. இத்தகைய டொங்கிள்கள் முதலில் தம்முள் இருக்கும் விண்டோஸ் மென்பொருளைக் காட்டும் வட்டாகவே அறிமுகமாகும். அவற்றை மோடமாக மாற்றுவது யூஎஸ்பி மோட்ஸ்விட்ச். அதைப் பரிந்துரைப்பது மோடம் மேனேஜர். மோடம் மேனேஜரைப் பரிந்துரைப்பது நெட்வொர்க் மேனேஜர். இரண்டுமே வராமல் போனதற்குக் காரணம் நான் எழுதிய அந்த ஒற்றை வரி. இணையத்தைப் பெறும் பொதியை இறக்க இணையமே தேவைப்பட்டது. கைபேசியை யூஎஸ்பி கம்பி வழியே இணைத்து டேட்டாவைப் பகிர்ந்த பிறகுதான் இரண்டையும் இறக்க முடிந்தது.

அன்றிலிருந்து, எதை நிறுவும் முன்பும் ஏபிடி இறுதியில் காட்டும் பரிந்துரைப் பட்டியலைப் பொறுமையாக வாசிக்கிறேன். பிசிமேன்எஃப்எம் கோப்பு மேலாளருக்கு ஜிவிஎஃப்எஸ் என்ற துணைப் பொதி கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாவிடில் குப்பைத் தொட்டி இயங்காது, நீக்கிய வினாத்தாளை மீட்க வழியில்லை. அதைச் சேர்த்துக்கொண்டேன். லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பில் ஆவணம் எழுதும் ரைட்டரை மட்டும் எடுத்ததால் ஜாவா வரவில்லை. இன்றுவரை அதன் குறை தெரியவில்லை. தமிழ் எழுத்துரு தனியாக வேண்டியிருந்தது. முதல் வினாத்தாள் கட்டம் கட்டமாகத் திறந்தபோதுதான் அது தெரிந்தது.

ஏற்கெனவே முழு மேசைத்தளம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வரியைப் பின்னர் சேர்த்தாலும், முன்பே வந்த பரிந்துரைப் பொதிகளை, தேவையற்றவற்றை அகற்றும் ஏபிடியின் தானியங்கி நீக்கம் தொடாது. அதைத் தீர்மானிப்பது ஏபிடியின் அமைப்புக் கோப்பில் வேறொரு வரி. ஒரு பொதி ஏன் இருக்கிறது என்பதை ஆப்டிடியூட் என்ற மற்றொரு பொதி மேலாண்மைக் கருவியின் ‘வை’ (why) கட்டளை சங்கிலியாகக் காட்டும். நீக்குவதற்கு முன், எதையும் மாற்றாத ஒத்திகை முறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு சிறு பொதியின் பின்னால் நாம் தினமும் பயன்படுத்தும் இன்னொன்றும் சேர்ந்து போவதை நான் அப்படித்தான் இருமுறை தடுத்தேன்.

தமிழ்த் தட்டச்சு உள்ளீட்டில் மட்டும் என் முடிவை மாற்றிக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை, திரைக்காட்சியை இயக்கும் எக்ஸின் அமைப்பிலேயே இருப்பதால், எனக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் தேவைப்படவில்லை. ஆனால் தட்டச்சுக்கு உதவும் மாணவி பழகியிருப்பது ரெங்கநாதன் விசைப்பலகை. அதில் கொம்பை முதலில் தட்டி, மெய்யெழுத்தைப் பின்னர் தட்ட வேண்டும். அந்த வரிசையை மாற்றியமைக்கும் வேலை வெறும் விசை அட்டவணையால் ஆகாது. ஐபஸையும், அதற்கான விசைப்பலகை விதிகள் அடங்கிய எம்17என் தரவையும் போன மாதம் நிறுவினேன். இப்போது பாதி வினாத்தாள்களை அவளே தட்டச்சு செய்கிறாள்.