ஸ்டார்ட்டர் செட்டுடன் ஆறு ஆண்டுகள்: ஆட்டம் நடத்தத் தயாரானது எப்போது?

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதை வளர்க்கும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை, கதை சொல்லி எதிரிகளையும் இயக்குபவராக இருந்து நடத்தத் தான் தயாராகிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். புதியவர்களுக்காக 2014இல் வெளிவந்த பெட்டியான ஸ்டார்ட்டர் செட்டை ஆறு ஆண்டுகளாக வைத்திருந்து, அதிலுள்ள கதையை மூன்று குழுக்களுக்கு நடத்தியிருக்கிறேன் என்பதால் பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

32 பக்க விதி நூலும் 64 பக்கக் கதை நூலும் ஆயத்தப் பாத்திரங்களும் பகடைகளும் நல்லவையே. என் மனத்தாங்கல் முதல் சண்டையைப் பற்றியது. காட்டுப் பாதையில் கறுப்பு இறகு அம்புகள் தைத்த இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. புதர்களில் கோப்ளின்கள் எனும் குட்டிப் பூதங்கள் நான்கு பதுங்கியிருக்கின்றன. அவற்றின் ஓர் அடி 3 முதல் 8 உயிர்ப்புள்ளிகள் வரை பறிக்கும். முதல் நிலைப் பாத்திரத்துக்கு அது உயிர்போகும் அடி. என் முதல் குழுவில் மந்திரவாதியாக ஆடியவர் முதல் சுற்றிலேயே விழுந்தார். புள்ளி பூஜ்யமானவர் ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடையை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை எடுத்தால் பிழைப்பார் என்ற விதியை நான் தேடிப் பிடிப்பதற்குள், அவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். முதன்முதலாக நடத்த உட்காருபவரின் தலையில் இப்படியொரு சண்டையைச் சுமத்தியதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நாளுக்கு முன்பே ஓராண்டுக்கு மேல் வீணடித்திருந்தேன். மூன்று அடிப்படை நூல்களையும் கரைத்துக் குடிக்காமல் நடத்த உட்காராதே என்று அனுபவசாலி ஒருவர் சொன்னதை நம்பி, ஏறத்தாழ 1,000 பக்கங்களைக் குறிப்பெடுத்துப் படித்தேன். அந்தக் குறிப்புகளில் பத்தில் ஒன்றுகூட ஆட்ட மேசைக்கு வரவில்லை.

தயாராகிவிட்டேன் என்பது இரண்டாம் குழுவோடு ஆடும்போதுதான் தெரிந்தது. அதே சண்டை முடிந்ததும், கிளெரிக்காக, அதாவது தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரியாக, ஆடியவர் குதிரைகளைப் புதைக்காமல் அங்கிருந்து நகர மாட்டேன் என்றார். அந்தக் குதிரைகளில் வந்து கடத்தப்பட்டவர்களைத் தேடாமல் குழி தோண்டுவதா என்று வீரனாக ஆடியவர் கொதித்தார். கதை நூலில் இதற்கு ஒரு வரியும் இல்லை. நானும் புத்தகத்தைத் திறக்கவில்லை. இருவரும் வாதாடி முடிக்கும்வரை காத்திருந்து, வேர் மண்டிய மண் என்பதால் இலக்கை நடுத்தரக் கடினத்துக்குரிய 15 என வைத்து, பலத்துக்குப் பகடை உருட்டச் சொன்னேன். 11 விழுந்தது. பாதிக் குழியிலேயே பொழுது சாய்ந்துவிட்டது என்றேன். மேசையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு வீரனாக ஆடியவர், தானும் தோண்டுவதாகச் சொன்னார்.

பகடையில் வந்ததோடு திறனைக் கூட்டி இலக்கு எண்ணோடு ஒப்பிடத் தெரிந்து, எதிரிகளுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் ஒருவர் தயார் என்றே சொல்வேன். மூன்று கோப்ளின்கள் வீழ்ந்தால் நான்காவது ஓடப் பார்க்கும் என்று கதை நூலே சொல்கிறது. அந்த ஒரு வரி ஒரு முழு அத்தியாய விதிகளைவிட எனக்கு உதவியிருக்கிறது. எந்த விதியும் நினைவுக்கு வராதபோது நியாயமாகத் தோன்றுவதைச் சொல்லிவிட்டு, சரிபார்ப்பதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஆட்டம் நடத்தக் கற்றுத் தந்தது இந்தப் பெட்டிதான். ஆனாலும் இதை நண்பருக்கு இரவல் தரப்போவதில்லை. அந்தச் சண்டையில் அவருடைய முதல் இரவும் குலைவதை நான் விரும்பவில்லை. இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளை இறக்கிக்கொண்டு, ஒரு சத்திரம், காணாமற்போன ஓர் ஆடு, பொய் சொல்லும் ஒரு காவல்காரன் ஆகிய மூன்றை மட்டும் வைத்துத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை அவர் நடத்துகிறார். நான் கிளெரிக்காக ஆடுகிறேன்.